எல்லப்பனின் நெஞ்சும் என் இரும்புச் சாவியும்

1

மனிதகுலம் நெடுங்காலமாகக் காத்திருந்த மாபெரும் கதை இதோ தொடங்குகிறது. வாசகர்கள் எழுந்து நிற்கலாம்.

(உட்காருங்கள்.) எழுதும் காரணம் வேறு. வல்லம் வடகால் டீக்கடை வாசலில் கம்பெனி பஸ் டிரைவர் எல்லப்பன் கிளாசோடு சரிந்தபோது, ஓடிப்போய் அவர் கையில் பைக் சாவியைத் திணித்த மேதை நான்தான். வலிப்புக்கே உதவாத வைத்தியம். நின்றுபோன இதயத்துக்குச் செய்தேன். அந்த வெட்கத்தில் பிறந்த கதை.

2

"விடியலின் செங்கதிர்கள் ஒரகடத்துப் புகைபோக்கிகளைத் தழுவ, ஆங்கே..."

வேண்டாம். காலை ஐந்தே முக்கால். போதும்.

ஒருவர் சோடா உடைத்தார். டீக்கடை பாண்டுரங்கன், "மூச்சு வாங்கிகினுதான் கீறாரு, காத்து வுடுங்கப்பா" என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த முத்துச்செல்வி கூட்டத்தைப் பிளந்து வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கார் வயரிங் லைனில் வேலை. (அவளுக்கு ஒரு சோகமான பின்கதை வைத்திருந்தேன்: தந்தையின் மரணம், மயானத்தில் ஒரு சபதம். அடித்துவிட்டேன். கம்பெனியின் சேஃப்டி வாரத்தில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகியவள். சமோசா கொடுத்தார்களாம். பின்கதை அவ்வளவுதான்.)

தோளைத் தட்டிப் பார்த்தாள். அசைவில்லை.

"அது மூச்சில்ல அண்ணாச்சி, சும்மா விக்குது. நூத்தியெட்டுக்கு போன் போடுங்க. ஸார், அந்தச் சாவிய எடுத்துட்டுத் தள்ளுங்க!"

தள்ளினேன். நடுநெஞ்சில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எண்ணி எண்ணி அமுக்கினாள்.

"இன்னாம்மா, எலும்ப ஒட்ச்சிடுவ போலகீது!" என்றார் பாண்டுரங்கன்.

"எலும்பு சேந்துக்கிடும். உயிரு போனா சேருமா?"

(இந்த வசனம் என்னுடையதல்ல. என்னுடையதென்றால் அரைப் பக்கம் வந்திருக்கும்.)

3

கதாநாயகி தனியாகவே காப்பாற்ற வேண்டும் என்பது மரபு. இவளுக்கோ இரண்டே நிமிடத்தில் கை ஓய்ந்தது. ஆனால் லைனில் நிற்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: மாற்றாள் கை வைக்கும்வரை தன் கையை எடுப்பதில்லை. எடுத்தால் லைன் நின்றுவிடும்.

"ஏட்டி செல்லக்கனி, வா!"

"வந்துட்டேன்ட்டி, எண்ணிக்கிட்டே எடு."

செல்லக்கனி, அப்புறம் கவியா (இருவரும் அதே லைன், அதே பஸ்), மறுபடி முத்துச்செல்வி. பதினோரு நிமிடம். எண்ணிக்கை ஓரிடத்திலும் அறுபடவில்லை. [தொழிற்சாலை மனிதனை எந்திரமாக்குகிறது என்று நான் எழுதிய மூன்று கட்டுரைகளைத் தயவுசெய்து யாரும் தேட வேண்டாம்.]

ஆம்புலன்ஸ் வந்தது. கருவியால் இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். "நாடி வந்துட்டு!" என்று கத்தினாள் கவியா. தேர் நிலைக்கு வந்ததுபோல் தெருவே ஆர்ப்பரித்தது. மூன்று பெண்களும் நடுரோட்டில் உட்கார்ந்து, சிவந்த உள்ளங்கைகளை ஒருத்திக்கொருத்தி காட்டிச் சிரித்தார்கள்.

4

முடிவுகள்:

அ) எல்லப்பன் கண் திறந்து, "தாயே!" என்று கைகூப்புகிறார்.

ஆ) நிர்வாகம் பொன்னாடை போர்த்துகிறது. பேனரில் மூவரும் தபால்தலை அளவு, நிர்வாகி ஆளுயரம்.

இ) கதாசிரியர் மனம் திருந்தி...

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லப்பன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். நெஞ்சைத் தடவியபடி, "எந்தக் கய்த சார் இப்டி மிதிச்சது?" என்றார்.

மூன்று பேரின் பெயரையும், பதினோரு நிமிடத்தையும் மேடையேறியவன்போல் சொன்னேன். முழுதும் கேட்டார். இன்னொரு வாய் இட்லி எடுத்தார்.

"சட்னில உப்பே இல்ல சார்" என்றார்.