சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே

வெளியூர்க்காரர்கள் அந்த ஊருக்குக் கோட்டை மதிலையும் கல் பாலத்தையும் பார்க்க வருவார்கள். உள்ளூர்க்காரர்களோ அவற்றின் மேல் ஓடுவார்கள். விடியற்காலையில் எழுந்து போனால் மதில் மேல் ஒரு கூட்டம், பாலத்தில் ஒரு கூட்டம் என்று பாதி ஊர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். மதில் மேல் ஓடினால் ஓட்டுக் கூரைகளும் மணிக்கூண்டும் காலடியில் கிடக்கும். பாலத்தின் மேல் ஓடினால் இரு கரைகளும் கண்ணை நிறைக்கும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. மதிலுக்கு அடியில், ஆற்றை ஒட்டிய ஒடுக்கமான கல் பாதை. படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் நடப்பதற்காக எந்தக் காலத்திலோ போட்டது. ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் ஆறு. மதிலில் தண்ணீர்வாசல் என்று ஒரு வாயில் உண்டு; அங்கே படி இறங்கினால் பழைய மாவு ஆலைப் படிக்கட்டில்தான் ஏற முடியும். நடுவில் ஏற வழியே கிடையாது. அழகு என்றால் அதுதான் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஓடுகிறவர்களில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மருமகள் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். உதைக்கிற குதிரையையும் முட்டுகிற மாட்டையும் கயிற்றால் கட்டி ஊசிக்கு நிற்க வைப்பது அவள் வேலை. மாமியார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க மைக்கில் பேசியதாலோ என்னவோ, வீட்டில் உப்பு கேட்டால்கூட எதிர்வீட்டுக்காரர்கள் எடுத்து நீட்டுவார்கள். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது போரடிக்கிறது என்று ஓட ஆரம்பித்துவிட்டார் மாமியார். தனியாக விட மனமில்லாமல் மருமகளும் கூடவே ஓடப் பழகினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு பேச்சு வந்திருந்தது. தலைநகரத்துப் பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்றில் மருமகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அவளும் கணவனும் அங்கே போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். லாரியோடு வெளியூர் போயிருந்த கணவன், "நீயே அம்மாகிட்ட சொல்லிடு" என்று போனில் கழன்றுகொண்டான். அவள் சொன்னாள். மாமியார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போறவங்க போங்க. யாரையும் நான் கையப் புடிச்சு இழுக்கல." அவ்வளவுதான். கூட வாருங்கள் என்று மருமகள் கேட்கத்தான் நினைத்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது, கேட்கவில்லை.

காலையில் இரண்டு பேரும் முகம் கொடுக்காமலே ஷூ போட்டுக்கொண்டார்கள். வெளியே பனிமூட்டம் தெருவிளக்கை விழுங்கியிருந்தது. மேற்கே அணை இருக்கும் மலைப் பக்கம் நல்ல மழை என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

"அத்தை, இன்னைக்கு மதில் மேல போயிடலாம். மலையில மழையாம்."

"மழை மலையிலதானே? நான் கீழதான் போறேன். உனக்கு எங்க இஷ்டமோ அங்க போ."

சொல்லிவிட்டு மாமியார் தண்ணீர்வாசல் படியில் இறங்கி ஓடத் தொடங்கிவிட்டார். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள். வேண்டுமென்றே இடைவெளி விட்டுத்தான் ஓடினாள். முதலில் மாமியாரின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அப்புறம் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

எங்கேயோ ஒரு சங்கு ஊதியது. பனியில் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. தொழிற்சாலைச் சங்கு என்று நினைத்துக்கொண்டு நாலு அடி ஓடியவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தொழிற்சாலை?

நின்றாள். அதுவரை கரைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்த தண்ணீரின் சத்தம் நின்று போயிருந்தது. வழவழவென்று, எண்ணெய் ஊற்றியது போல ஆறு சத்தமில்லாமல் போனது. புதுமண் வாடை மூக்கில் ஏறியது. கீழே பார்த்தாள். பாதையின் விளிம்பே காணோம். ஷூவின் முனையை ஏதோ தொட்டது. தண்ணீர்.

அது அணைச் சங்கு. அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தண்ணீர்வாசல் பின்னால் பக்கத்தில்தான் இருந்தது. திரும்பி ஓடினால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் முன்னால் இருக்கிறார்.

"அத்தை! அத்தை!"

சுவர் அவள் குரலையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பிளாட்பாரத்தையே நிமிர வைத்த குரலிலிருந்து ஒரு பதிலும் இல்லை. அவள் சுவரில் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே முன்னால் ஓடினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, பிறகு கெண்டைக்காலுக்கு. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கீழே கல் இருக்கிறதா என்ற சந்தேகம். ஒரு மரக்கிளை முழங்காலில் மோதிவிட்டுப் போனது. ஏதோ உயிருள்ளது பிடித்ததாக நினைத்து அவள் வாய்விட்டு அலறினாள்.

"இங்க... இங்க இருக்கேன்."

சின்னக் குழந்தையின் குரல் போல இருந்தது. படகு கட்டுவதற்காகச் சுவரில் வரிசையாகப் பதித்திருந்த இரும்பு வளையங்களில் ஒன்றை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். தொப்பி போய்விட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கால் பிசகிடுச்சு. ஊன்ற முடியல. நீ ஏன்டி வந்தே? திரும்பிப் போயிடு."

"நல்லா சொன்னீங்க. உங்க புள்ளகிட்ட நான் என்னன்னு சொல்றது? அம்மாவ ஆத்துல விட்டுட்டு வந்துட்டேன்னா? தோள்ல கையப் போடுங்க."

திரும்பிப் போவது முடியாத காரியம். தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதான் இழுத்துக்கொண்டு வந்தது. ஆலைப் படிக்கட்டுதான் கதி. ஒரு வளையத்தை விட்டு அடுத்த வளையத்தைப் பிடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு, மறுபடி ஒரு மூச்சு வாங்கி, அப்படியே சுவரோடு சுவராக நகர்ந்தார்கள். மாமியாரின் நகங்கள் அவள் தோளில் பதிந்தன. "என்னை விட்டுடாதே, விட்டுடாதே" என்று அவர் முனகிக்கொண்டே வந்தார். போய்விடு என்று சொன்ன அதே வாய்தான்.

ஆலை வளைவு பனிக்குள்ளிருந்து கறுப்பாக வெளிப்பட்டது. அப்பாடா என்று மருமகள் கையை நீட்டினாள். இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டன. படிக்கட்டின் அடியில் இருக்கும் கம்பிக் கதவு மூடியிருந்தது. சங்கிலி சுற்றி, அந்தப் பக்கம் பூட்டுத் தொங்கியது. வெள்ளம் வருகிறது, யாரும் இறங்கிவிடக் கூடாது என்று ஆலைக் காவல்காரர் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஏற்கெனவே இறங்கியவர்கள் இருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். மேலே ஒரு நாய் மட்டும் குரைத்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது.

கதவு ஆள் உயரத்துக்கு மேல். உச்சியில் ஈட்டி முனைகள். தன்னால் ஏறிக் குதிக்க முடியும் என்று மருமகளுக்குத் தெரிந்தது. மாமியாரால் முடியாது என்பதும் தெரிந்தது. அந்த இரண்டையும் ஒரே சமயத்தில் தெரிந்துகொண்ட அந்த நொடியில் வந்தது போன்ற ஒரு பயத்தை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

இடுப்பில் கட்டியிருந்த குளிர்கால ஜாக்கெட்டை அவிழ்த்து, மாமியாரின் அக்குளுக்கு அடியில் சுற்றி, கைப்பகுதிகளைக் கதவுக் கம்பியில் சேர்த்து முடிந்தாள். மாடு எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாத முடிச்சு. மாடு விழுந்துவிட்டால் உடனே விடுவிக்க வேண்டும் என்பதால் ஒரு முனையை இழுத்தால் மட்டும் சட்டென்று அவிழும். அவசரத்தில் அவள் கைக்கு வந்த முடிச்சு அதுதான்.

"அத்தை, இந்த முனைய மட்டும் தொட்டுடாதீங்க. இழுத்தா அவுந்துடும். நான் ஆளக் கூட்டிக்கிட்டு வரேன்."

மாமியார் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையை முதுகில் சுமந்துகொண்டுதான் அவள் ஏறினாள். ஈட்டி முனை தொடையைக் கிழித்தது. மறுபக்கம் விழுந்து, எழுந்து, படிகளில் ஓடினாள்.

இத்தனை காலம் ஓடிய ஓட்டமெல்லாம் ஓட்டமே இல்லை. தெருவில் வீடுகள் கண்ணை மூடிக் கிடந்தன. ஒரு கதவைத் தட்டினாள், அடுத்ததை உதைத்தாள். மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. நனைந்து, கால் வழியே ரத்தம் ஒழுக நிற்கிறவளைப் பார்த்ததும் அந்த ஜன்னல் படக்கென்று மூடிக்கொண்டது. "கடவுளே, யாராவது வாங்களேன்!" என்று நடுத்தெருவில் நின்று அழுதாள். மூலையில் ஒரு ரொட்டிக் கடையில் விளக்கு எரிந்தது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், அவள் பாதி சொல்லும்போதே, ஷட்டர் தூக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு மாவுக் கையோடு ஓடி வந்தார்கள்.

படிக்கட்டின் உச்சியிலிருந்து பார்த்தபோது கீழே படிகள் பாதிக்கு மேல் காணோம். பனியும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்தன.

"அத்தை!"

தண்ணீர் விளிம்புவரை இறங்கினாள்.

"அத்தை! வந்துட்டேன்! குரல் கொடுங்க!"

தண்ணீரின் சலசலப்பு மட்டும்தான். முனையை இழுத்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. நேற்றுப் பேசிய பேச்சுக்கு, இன்று பூட்டிய கதவுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து இழுத்துவிட்டார். ரொட்டிக் கடை அண்ணன் அவளைத் தாண்டி மார்பளவு தண்ணீரில் இறங்கினார். "இருக்காங்க! தலை தெரியுது!" என்று அவர் கத்தியது அவளுக்கு ஏதோ வேற்று மொழி போலக் கேட்டது.

மாமியார் மோவாயை மேலே தூக்கியபடி கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தார். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. தம்பிக்காரர் தண்ணீருக்குள் தடவிப் பூட்டைக் கண்டுபிடித்து, கம்பியை நுழைத்து நெம்பினார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை சங்கிலி அறுந்தது. கதவு திறந்ததும் மருமகள் தண்ணீருக்குள் கையை விட்டு முனையை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்து மாமியார் அவள் மேல் சாய்ந்தார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில், கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பழைய குரலில் பாதிகூட இல்லை.

"நீ திரும்பி வரமாட்டேன்னு நெனச்சேன்."

மருமகளின் தொடையில் தையல் போட்டிருந்தார்கள். அந்த வலி அவளுக்கு மறந்து போயிற்று. "ஏன் அத்தை?"

"நேத்து அப்படிப் பேசிட்டேனே. போனவ போயிடுவான்னு நெனச்சேன்."

அவள் கம்பளியை மாமியாரின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"நானும் ஒண்ணு நெனச்சேன். நீங்க அந்த முனைய இழுத்துட்டீங்கன்னு."

மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இழுத்துப் பார்த்தேன். தண்ணி கழுத்துக்கு வந்தப்போ. எப்படியும் போகப் போறேன், எதுக்கு இப்படி அணு அணுவாச் சாகணும்னு. விரல் மரத்துப் போச்சு, மடங்கல." பிறகு, "உன் புருஷன்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

அவள் அந்த விரல்களை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். அவை சூடாகத்தான் இருந்தன. ஆனாலும் நர்ஸ் வந்து அதட்டும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள். "எங்ககூட வந்துடுங்க அத்தை" என்று அப்போதுதான் கேட்டாள்.

கல் பாதையை நகராட்சி அடைத்துவிட்டது. அவர்கள் மூன்று பேரும் தலைநகரத்துக்குக் குடிபோனார்கள். மாடி வீடுதான் வேண்டும், எவ்வளவு மேலே இருந்தாலும் சரி என்று மாமியார் அடம்பிடித்தார். கால் சரியானதும், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பேரும் வட்டமடித்து ஓடுகிறார்கள். பார்க்க ஒன்றும் இல்லாத இடம்.

பகலில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. மாமியார் குளிக்கப் போகும்போது மட்டும் மருமகளால் எந்த வேலையும் செய்ய முடிவதில்லை. குழாய்ச் சத்தம் நின்று, உள்ளே அசைவு எதுவும் கேட்காவிட்டால் போதும், ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறாள்.

"அத்தை?"

"தலை துவட்டிக்கிட்டு இருக்கேன்டி. கதவ உடைச்சுடாதே."

அவள் உடனே நகர்ந்துவிடுவதில்லை. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நிற்கிறாள்.