நெரளுமனெக்கு எட்டாயிரம்

பெயருக்கு விலை சொல்வது வில்மா சல்டானாவின் பிழைப்பு. மங்களூரில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, யாரோ புதுப்பிக்காமல் விட்ட இணையதளப் பெயர்களை எண்ணூறு ரூபாய்க்கு வாங்குவாள். தேவைப்படுகிறவர் தலையில் அதை எட்டாயிரத்துக்குக் கட்டுவாள். காற்றைப் பொட்டலம் கட்டி விற்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களே கடை திறக்கும்போது, நல்ல பெயர் இருக்கிறதா என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

‘நெரளுமனெ டாட் இன்’ போன மாதம் அவள் கைக்கு வந்தது. கன்னடத்தில் நிழல்வீடு என்று அர்த்தம். வழக்கம்போல் நோட்டில் எழுதிப் பார்த்தாள். சொல்ல எளிதா? ஆமாம். இந்த மாதிரிப் பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின? சுமாராக. யாருக்குத் தேவைப்படும்? குடகில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவருக்கு, இல்லாவிட்டால் நாற்றுப்பண்ணைக்காரருக்கு. எட்டாயிரம் என்று போட்டு அடியில் கோடு கிழித்தாள்.

பெயருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்டினால் விலை கொஞ்சம் ஏறும். அதற்கு இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. அந்தப் பெயரின் பழைய முகவரிகளுக்கு வருகிற மெயில் எல்லாம் ஒரே பெட்டியில் விழும்படி செய்வார்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு விழுந்தன. வில்மா எதையும் திறந்து படிக்கவில்லை, எண்ணினாள், அவ்வளவுதான். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற கெட்ட பழக்கம் அவளுக்குக் கிடையாது. பெட்டியைப் படம் பிடித்து விற்பனைப் பக்கத்தில் போட்டாள். அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் கருப்புப் பட்டையால் மறைத்தாள். பெரிய யோக்கியம்தான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒருவன் போன் செய்தான். சுதீந்திரா என்றான். சிக்கமகளூர் பக்கம் விடுதி கட்டுகிறானாம்.

"நெரளுமனெ என்ன விலை மேடம்?"

பேரத்துக்கு இடம் வைத்து, "பதினஞ்சாயிரம் சார்" என்றாள்.

"அம்பதாயிரம் தர்றேன். இன்னைக்கே என் பேருக்கு மாத்திடணும்."

"இல்ல சார், இன்னொருத்தரும் கேட்டிருக்கார்..." என்று பழக்கதோஷத்தில் இழுத்தாள்.

"ரெண்டு லட்சம். பழைய அட்ரசுக்கு வர்ற மெயில் எல்லாம் எனக்கு வரும்ல?"

"ஒண்ணு விடாம வரும் சார்" என்றாள் பெருமையாக. பத்திரம் தயார் செய்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

காலையில் மிஞ்சிய நீர்தோசையை நின்றபடியே தின்றாள். ரெண்டு லட்சம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை சொல்லும்போது தோசையைத் தட்டிலேயே வைத்தாள். பதினோரு வருஷத்தில், பேரம் பேசாமல் விலையை ஏற்றுகிறவனை அவள் பார்த்ததில்லை. விலை பெயரில் இல்லை, வாங்குகிறவன் தேவையில் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் அவள். எட்டாயிரம் பெறுகிற பெயருக்கு ரெண்டு லட்சம் கொடுக்க அப்படி என்ன தேவை? விடுதி கட்டுகிறவனுக்குப் பழைய முகவரிக்கு வருகிற மெயில் எதற்கு?

பெட்டியைத் திறந்து முதல்முறையாகப் படித்தாள்.

நெரளுமனெ தங்கும் விடுதியாக இருந்ததில்லை. அடி தாங்காமல் பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்த இல்லம். பணமில்லாமல் மூடி ஒரு வருஷம் ஆகிறது. அது தெரியாத பெண்கள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வெளியேறிய பெண்கள் சிலர், சொந்த முகவரி வைத்துக்கொள்ளப் பயந்து, பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இல்லத்தின் முகவரியையே கொடுத்திருந்தார்கள். ஒருத்தி போன வாரம் எழுதியிருந்தாள்: ‘எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால் எங்களை உயிரோடு விடமாட்டார்.’

இந்தப் பெட்டியைத்தான் வில்மா ஒன்று விடாமல் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டு மணிக்கு அவனே மறுபடியும் கூப்பிட்டான். பின்னால் காற்றும் லாரி ஹார்னும் கேட்டன. எங்கோ சாலையில் போய்க்கொண்டிருந்தான்.

"பத்திரம் ரெடியா மேடம்?"

"அது விக்கறதுக்கு இல்ல சார்."

"ஏன், படிச்சிட்டீங்களா?"

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"விடுங்க மேடம். எதுக்கும் மொத்தமா கையில இருக்கட்டுமேன்னு கேட்டேன். நீங்க போட்ட படமே எனக்குப் போதும்."

போன் துண்டிக்கப்பட்டது. வில்மா விற்பனைப் பக்கத்துக்கு ஓடினாள். தான் ஒட்டிய கருப்புப் பட்டைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், மறைக்காமல் விட்ட மெயில் தலைப்புகள். நாலாவது வரியில் இருந்தது: ‘பூர்வி, 2-பி, பஸ் 6. சாகரத்தில் இறங்கும் இடம் இனி ஏரிக்கரை அரசமரம். மாலை 3.40.’

படத்தை அழித்தாள். அழித்து என்ன பயன்?

பள்ளிக்கூடத்தின் மெயிலில் போன் நம்பர் இருந்தது. எடுத்தவர் ஓர் எழுத்தர்.

"உங்க ஸ்கூல்ல ரெண்டாவது படிக்கிற பூர்வின்னு ஒரு குழந்தை..."

"யாரும்மா நீங்க? அந்தக் குழந்தைக்கு என்ன ஆகணும் நீங்க?"

"ஒண்ணும் ஆகலை. இன்னைக்கு அவளை பஸ்ல ஏத்தாதீங்க."

"நேத்துதான் இப்படி ஒருத்தர் மாமான்னு சொல்லிக்கிட்டு கேட்டார். இப்ப நீங்களா? அப்படி ஒரு குழந்தையே இங்க இல்ல."

"வேண்டாம், இருக்கான்னு என்கிட்ட சொல்லவே வேண்டாம்" என்று வில்மா கெஞ்சினாள். "நேத்து கேட்டவன்தான் அரசமரத்துகிட்ட போறான். அவ அம்மாவுக்குப் போன் பண்ணுங்க. போலீசுக்குச் சொல்லுங்க. குழந்தைய உங்க கூடவே வச்சுக்குங்க. என் நம்பரை எழுதிக்குங்க, பொய்னா என்னைப் பிடிச்சுக் குடுங்க."

அந்தப் பக்கம் பேனா தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள். மறுபடி அடித்தாள், லைன் கிடைக்கவில்லை. சாகரம் போலீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து அங்கேயும் சொன்னாள். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா என்று யாரிடம் கேட்பது?

மூணு முப்பது. மூணு நாற்பது. வெளியே மழை கொட்டியது. வில்மா ஜெபமாலையை எடுத்தாள், எண்ணிக்கை தவறியது, கீழே வைத்தாள். மூணு அம்பது. கண்ணை மூடினால் அரசமரமும் புத்தகப்பையும் தெரிந்தன. கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

நாலேகாலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்குரல், மூச்சு வாங்கியது.

"நான் பூர்வி அம்மா."

"குழந்தை?"

"என் மடியிலதான் இருக்கா. இவ அப்பன் அரசமரத்தடியில நின்னிருக்கான். பஸ்ல இவ இல்லாததைப் பாத்துட்டு, டிரைவரைப் பிடிச்சு உலுக்கியிருக்கான். போலீஸ் வண்டி வர்றதுக்குள்ள போயிட்டான்." சற்று நின்றாள். "ரெண்டு வருஷமா யாருக்கும் தெரியாம இருந்தோம். அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

யாரோ, எப்படியோ என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண் வில்மாவை வாழ்த்திவிட்டே போனை வைத்திருப்பாள்.

"என்னாலதான்" என்றாள் வில்மா. எண்ணூறு ரூபாயிலிருந்து படம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை வந்தது. அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கேட்டது, அம்மா அதட்டாமல் பதில் சொன்னாள்.

"அந்தப் பேரை வித்துடாதீங்க" என்றாள் கடைசியில். "இன்னும் எத்தனை பேர் அந்த அட்ரசைக் குடுத்திருக்காங்களோ."

"விக்கமாட்டேன். ஒவ்வொருத்தருக்கும் நானே எழுதிச் சொல்றேன். உங்களுக்கு நான் என்ன செய்யணும்? எந்த ஊருக்குப் போறீங்க? மங்களூர்னா என் வீட்டுலயே..."

"அதை உங்ககிட்ட சொல்லமாட்டேன்" என்றாள் பூர்வியின் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. போனை வைத்துவிட்டாள்.