ஒருமுறையும் விழாத வண்டி

என் வண்டியை விற்க நான் விரும்பவில்லை, விற்க வேண்டியதாயிற்று. வலக்கண்ணில் பார்வை மங்கிவிட்டதால் இனி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் கூறிவிட்டார். அத்துடன், வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்குக் குடிபெயர்கிறோம். அது மூன்றாம் மாடி. வண்டி நிறுத்த இடமில்லை. அதற்குள் நல்ல ஆள் கிடைக்காவிட்டால், தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அவர் ஓட்டுவதற்காக எடுப்பவர் அல்லர். சக்கரம் வேறு, எஞ்சின் வேறு எனப் பிரித்து விற்பவர். நாள்தோறும் வாசலில் நின்று, "என்ன சார், ஓட்டிட்டுப் போயிடவா, உருட்டிட்டுப் போயிடவா?" என்று கேட்பார். தமிழாசிரியனான என்னைப் பதினான்கு ஆண்டுகள் பள்ளிக்குச் சுமந்த வண்டியைத் துண்டு போடக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே, ஓர் அட்டையில் எழுதி வாசற்கதவில் தொங்கவிட்டேன்:

'உந்துருளி விற்பனைக்கு. ஒருவரே ஓட்டியது. ஒருமுறையும் விழாதது. விலை மாறாது.'

மகள் அதைப் படம் பிடித்துக் கைப்பேசி வழியே பலருக்கும் அனுப்பினாள். அனுப்பும்போதே, "அப்பா, பைக்குன்னு போடுங்கப்பா. உந்துருளின்னா எவனுக்குப் புரியும்?" என்றாள்.

"புரியாதவன் வாங்க வேண்டாம்."

முதலில் வந்தவர் ஒரு சமையல்காரர். கதவைத் திறந்ததும், "எவ்வளவு கொள்ளும்யா?" என்றார். எரிபொருள் தொட்டியைக் கேட்கிறார் என எண்ணிப் பன்னிரண்டு லிட்டர் என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "பன்னெண்டு லிட்டரா? நூறு பேர் பந்திக்கு அது எந்த மூலைக்கு? உருளின்னதும் பெரிய சமையல் பாத்திரம்னு ஓடி வந்தேன்."

உள்ளே என் மனைவி சிரித்த சிரிப்பில் ஏதோ ஒரு தட்டு கீழே விழுந்தது. அன்று மாலை, 'உந்துருளி' என்பதன் கீழே 'மோட்டார் சைக்கிள்' என்று சேர்த்து எழுதினேன். என் வாழ்நாளில் நான் செய்துகொண்ட சமரசங்கள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

மறுநாள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது: 'வண்டி விற்ப்பனைக்கு இருக்கா.' றகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் இரட்டித்து நிற்காது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டி, வண்டி வாங்கும் வசதியும் வந்துவிட்ட ஒருவர் இப்படி எழுதலாமா? பிழையைச் சுட்டிக் காட்டி, 'வண்டி இருக்கிறது. ஒரு ப் மிகுதியாக இருக்கிறது' எனப் பதில் அனுப்பினேன். அதன்பின் அவரிடமிருந்து செய்தியே இல்லை.

"வர்றவங்க வண்டி வாங்க வர்றாங்களா, பரீட்சை எழுத வர்றாங்களா?" என்றாள் மனைவி. "இப்படியே போனா சனிக்கிழமை அந்த இரும்புக் கடைக்காரருக்குத்தான் யோகம்."

வியாழக்கிழமை ஓர் இளைஞர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார். ஏன் உதைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விலையைச் சொன்னேன்.

"சரி சார். கடைசியா எவ்வளவு?"

"இதான்."

"இது மொதல்ல சொன்னது. கடைசியா?"

"தம்பி, அதுக்கு மொதலும் இல்ல, கடைசியும் இல்ல."

"கடவுளைப் பத்திதான் சார் அப்படிச் சொல்வாங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை காலை, இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியும் கயிறுமாக வந்து எதிர்ச்சுவர் நிழலில் உட்கார்ந்துகொண்டார். "அவசரம் இல்ல சார். மெதுவா மனசைத் தேத்திக்கோங்க."

பத்து மணி அளவில் ஒரு செவிலியர் வந்தார். அரசு மருத்துவமனையில் வேலை. காலைப் பணிக்கு ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். அந்நேரத்தில் பேருந்து இல்லை. தம்பியின் சிறிய வண்டியை ஓட்டிப் பழகியவர். என் வண்டியின் கைப்பிடியைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கனமா இருக்கே, எனக்கு அடங்குமா?" என்று தயங்கினார். வண்டியைப் பரிசோதிக்க, மருத்துவமனைக்கு எதிரே கடை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். ஊரார் அவரை 'ஸ்பேனர்' என்றே அழைப்பார்களாம்.

ஸ்பேனர் குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்தைப் பற்றியிருக்கும் இரட்டைக் குழாய்களைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"இது நான் நிமித்தின போர்க் ஆச்சே."

"வேற வண்டியா இருக்கும்" என்றேன். "இது ஒருதடவைகூட விழல. அட்டையப் படிங்க."

"என் கைவேலை எனக்குத் தெரியாதா சார்? எட்டு வருசம் இருக்கும். ஆஸ்பத்திரி வாசல்ல, மழையில சறுக்கி, ஒரு அம்மா..." என்று சொல்லிக்கொண்டே தலையை உயர்த்தினார். வாசற்படியில் என் மனைவி தண்ணீர்ச் செம்புடன் நின்றிருந்தாள். "அட, இந்த அம்மாதான்!"

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "ஆமா. நான்தான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "உன் தங்கச்சி ஆஸ்பத்திரியில இருந்தப்பவா? பஸ்ல போனேன்னுதானே சொன்ன?"

"பஸ்லதான் போனேன். மொத ரெண்டு நாள்."

"அப்புறம்?"

"நீங்க பேப்பர் திருத்த வெளியூர் போயிட்டீங்க. வண்டி சும்மாதானே நின்னுச்சு?"

"யாரு கத்துக் கொடுத்தா?"

"நீங்கதான். அத்தனை வருசம் உங்க முதுகைப் பாத்துக்கிட்டேவா உக்காந்திருந்தேன்? கிளட்ச எப்பப் பிடிக்கிறீங்க, கியர எப்ப மாத்துறீங்கன்னும் பாத்தேன். மைதானத்துல நாலு சுத்து சுத்தினேன், வந்துடுச்சு."

எதிர்ச்சுவர் நிழலிலிருந்து குரல் வந்தது: "விழுந்த வண்டியா? அப்ப எனக்குத்தான்." அவர் கயிற்றை உதறினார். செவிலியர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

ஸ்பேனருக்கு என்மேல் இரக்கம் பிறந்திருக்க வேண்டும். "சார், நீங்க எழுதினது தப்பே இல்ல. வண்டி எங்க விழுந்துச்சு? அம்மாதான் விழுந்தாங்க. வண்டி அவங்க மேல சாஞ்சுது, அவ்வளவுதான்."

அந்த ஒரு கணம், அதைப் பற்றிக்கொள்ள எனக்கும் ஆசை எழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். எழுவாயை மாற்றிவிட்டால் என் வாக்கியம் பிழைத்துக்கொள்ளும், வண்டியும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுகளாக, "கண்ணாடி உடைந்துவிட்டது ஐயா" என்று வந்து நின்ற எத்தனை பிள்ளைகளை நிறுத்தி வைத்து, "உடைத்துவிட்டேன் என்று சொல்" எனத் திருத்தியிருப்பேன்! இலக்கணம் உண்மையைச் சொல்வதற்கு ஏற்பட்டது. அதன் பின்னால் ஒளிந்துகொள்வதற்கு ஏற்பட்டதன்று.

அட்டையைக் கழற்றினேன். 'ஒருவரே' என்பதை அடித்து 'இருவர்' என்றும், 'ஒருமுறையும் விழாதது' என்பதை அடித்து 'ஒருமுறை விழுந்தது' என்றும் எழுதிச் செவிலியரிடம் நீட்டினேன். "விழுந்த வண்டிதாம்மா. எனக்கே இப்பதான் தெரியும். வேணாம்னா தயங்காம சொல்லிடுங்க."

அவர் அட்டையைப் படிக்கவில்லை. என் மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க என் உயரம்தான் இருப்பீங்க. காலு எட்டுச்சா?"

"நுனிக்கால்தான். நிறுத்துறப்ப இடப்பக்கமா லேசா சாச்சுக்கணும். கனம்னு பயந்தாத்தான் கனக்கும்."

"சாப்பாட்டுக் கேரியரோடயா ஓட்டினீங்க?"

"அஞ்சு அடுக்குக் கேரியர். விழுந்தப்பக்கூட ரசம் மட்டும்தான் கொட்டுச்சு."

செவிலியர் சிரித்துவிட்டு ஸ்பேனரைப் பார்த்தார். போர்க் நேராக இருக்கிறது, சங்கிலி மட்டும் தேய்ந்திருக்கிறது என்றார் அவர். சங்கிலிக்காக இரண்டாயிரம் குறைக்க முடியுமா என்று செவிலியர் கேட்டார்.

"விலை மாறாதுன்னு எழுதியிருக்கேனே" என்றேன்.

"இவ்வளவு அடிச்சுட்டீங்க, அதையும் ஒரு கோடு அடிங்க" என்றாள் மனைவி.

அடித்தேன்.

"நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்மா, ஒருதடவை ஓட்டிக் காட்டுங்க" என்று செவிலியர் கேட்டதுதான் தாமதம், என் மனைவி ஏறி அமர்ந்துவிட்டாள். எனக்கு மூன்று உதைக்குக் குறையாமல் கிளம்பாத வண்டி அவளுக்கு ஒரே உதையில் கிளம்பிற்று. தள்ளுவண்டியைக் கடந்து, தெருமுனையில் கையைக் காட்டித் திரும்பினாள். நான் ஒருநாளும் அங்கே கைகாட்டியதில்லை.

திரும்பி வரும்போது செவிலியர் ஓட்டி வந்தார். என் மனைவி பின்னால் அமர்ந்து, "கியரைக் குறை, இப்பக் குறை" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் இறங்கினார்கள். நான் சாவியைக் கொடுத்தேன்.

"இன்னொரு சாவி இருக்குமே சார்?"

"ரொம்ப வருசமா அதைக் காணோம்மா" என்றேன்.

மனைவி சமையலறைக்குப் போனாள். டப்பா ஒன்றைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வந்து, பருப்புத் தூசி ஒட்டியிருந்த சாவியைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்துச் செவிலியரிடம் கொடுத்தேன்.