ரசீதோடு போன ஜகாத்

இரும்புக்கடைக்காரர் வருஷாவருஷம் ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஜகாத் கணக்கை முடித்ததும் முதல் பங்கைத் தங்கையிடம்தான் கொண்டுபோவார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தையல் மெஷினை நம்பி இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவள். ஜகாத் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நிய்யத், அதாவது ஜகாத் என்ற எண்ணம், மனசில் இருந்தால் போதும், வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டியதில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எப்போதோ சொல்லியிருந்தார். "புள்ளைங்க ஃபீஸுக்கு வச்சுக்கம்மா" என்பார், அவ்வளவுதான். அண்ணன் கொடுக்கிறார் என்று அவளும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வாள்.

இந்த வருஷம் ஆடிட்டர் வந்து குட்டையைக் குழப்பினார்.

"கையில கொடுத்தா வரியில ஒரு பைசா குறையாது பாய். பதிவு பண்ணின டிரஸ்ட் மூலமா கொடுங்க, ரசீது தருவாங்க."

கடைக்காரர் நேராக ஹஜ்ரத்திடம் ஓடினார். "வரி குறைஞ்சா நன்மையும் குறைஞ்சிடுமா ஹஜ்ரத்?"

"ஏன் குறையுது? சட்டம் தர்ற சலுகை ஹலால்தான். வாங்குறவங்க மனசு நோகாமப் பார்த்துக்கங்க, அதுதான் முக்கியம்."

மனுஷனுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது போலிருக்கிறது! டிரஸ்டில் பணத்தைக் கட்டி, தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி, தன் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டு, ரசீதோடு திரும்பினார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

சில நாள் கழித்துத் தங்கை கடைக்கு வந்தாள். கல்லாவை ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, வியாபாரம் நொடிச்சுப் போச்சா?"

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்த வருஷம் நீ வீட்டுப் பக்கமே வரலியே. எனக்குச் சோறு எறங்கல." கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "டிரஸ்ட்ல கூப்பிட்டு ஜகாத் கொடுத்தாங்க. வரிசையில நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. பெரியவ முகத்தை மூடிக்கிட்டா. அது கெடக்கட்டும், இதுல பாதி உனக்கு. அண்ணிக்குத் தெரிய வேணாம்."

அவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"அது நான் கட்டின பணம்தாம்மா."

அவள் உறையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அப்ப என்னை ஏண்ணே அங்க போய் நிக்க வச்ச?"

வரிக்காக என்று சொல்ல வேண்டும். அவர் கல்லாவிலிருந்த ரசீதைக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் தள்ளினார். அவள் உறையை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.