வில்லியனூரில் உதித்த துபாய் நிலா

1981 பங்குனியில் துபாய் எங்கள் சங்கராபரணி ஆற்றில்தான் இருந்தது. கொண்டுவந்து வைத்தவன் நான். வில்லியனூரில் அப்போது ஸ்டுடியோ வைத்திருந்தேன். கடவுளுக்கு ஆறு நாள் பிடித்த வேலையை நான் ஒரு கண்சிமிட்டலில் முடித்துக்கொண்டிருந்த காலம்.

தனிஸ்லாஸுக்கும் அன்னாமேரிக்கும் ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். பெண்ணின் அப்பா பவுல்ராஜ் ஆற்றோரத்து ஊரில் விவசாயி. மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை என்ற ஒரே தகுதியைப் பார்த்துச் சம்மதித்தவர். மாப்பிள்ளையும் துபாய்க்குப் புறப்பட்டான், பம்பாய் வரைக்கும். அங்கே ஏஜெண்ட் தன் ஆபீஸோடு சேர்ந்து காணாமல் போய்விட்டதால், திரும்பிவந்து மூன்று வாரமாக என் இருட்டறையில் ஒளிந்திருந்தான். இதற்கிடையில் பவுல்ராஜ், பாலைவனத்தில் நிற்கிற போட்டோ வராமல் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க விடமாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

பாலைவனம்தானே! வற்றிய ஆற்றில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். மேலே முழுநிலா எழும்பினால் அரேபியாக்காரனே செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பான். பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தது. பாதி ஜனம் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போய்விட்டது. மீதி ஜனம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்தில். எட்டிப்பார்க்க ஒரு காக்கா இல்லை.

ஸ்டுடியோவின் வெள்ளைத் திரையை அவனுக்கு அங்கியாகச் சுற்றினேன். தலையில் கட்டம் போட்ட துண்டு, அதைப் பிடிக்க என் கேமரா வார். ஷேக் ரெடி. சூரிய வெளிச்சம் இருக்கும்போதே நிலாவைப் பிடிக்கவேண்டும். விட்டால் மணல் கரியாகிவிடும். கிடைப்பது பத்து நிமிஷம்.

நிலா எழும்பியது. கூடவே, தூரத்து மேட்டில் கருப்பாக ஒன்றும் எழும்பியது. எருமை. தனிஸ்லாஸ் விரட்டப் போனான்.

"நில்றா. அதான் நம்ம ஒட்டகம்."

"அண்ணே, அதுக்குக் கொம்பு இருக்குதுண்ணே."

இத்தனை தூரத்தில் கொம்பை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அடக்கி, பன்னிரண்டு படமும் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் நிலா மிளகு அளவு. என் மானம் என்ன ஆவது? சாப்பாட்டுத் தட்டு ஆகும்வரை பெரிதாக்கினேன். நிலாவோடு மற்றதும் பெரிதாகும் என்பது என்னைப் போன்ற மேதைகளுக்குத் தோன்றாது.

துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்லி நானே போய்க் கொடுத்தேன். பவுல்ராஜ் படத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டார். வீடு வீடாகக் காட்டினார், கோயில் சாமியாரிடம் காட்டினார், ஞாயிறன்று முதல் ஓலையும் வாசிக்கவைத்தார். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டு, இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார். தினமும் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தால் யாருக்கும் பார்வை கூர்மையாகத்தான் செய்யும்.

ஒரு வாரத்தில் ஆள் விட்டார். போனேன்.

"போட்டோக்காரரே, துபாய்ல எரும உண்டா?"

ஏகமாக உண்டு, ஷேக்குகள் தயிர் இல்லாமல் சாப்பாட்டில் கைவைக்கமாட்டார்கள் என்றேன்.

"எடக்கொம்பு மடங்கி காது மேல கெடக்கும், வாலு பாதிதான் இருக்கும். அந்த மாதிரியா?"

நான் கூரையைப் பார்த்தேன். கொட்டகையில் அதே எருமை, அதே மடங்கிய கொம்போடு என்னைப் பார்த்தது.

"சிலுவப்பாத முடிஞ்சி வூட்டுக்கு வந்தா இவளக் காணோம். துபாய் போயிருக்கா. எருமைக்குக் கெடச்ச விசா மாப்ளக்குக் கெடைக்கல, இன்னா?"

பம்பாய்க் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினார். கல்யாணமும் அதோடு இறங்கியது என்றுதான் நினைத்தேன். அடுப்படியிலிருந்து அன்னாமேரி வந்து படத்தை வாங்கித் திரும்ப மாட்டினாள்.

"நம்ம எரும புது ஆளப் பாத்தா தூரத்துலேர்ந்தே ஓடியாந்து முட்டுவா. அவர முட்டலியேப்பா. எனக்கு அது போதும்."

பவுல்ராஜ் நெடுநேரம் தாடையைச் சொறிந்தார். கல்யாணத்தை நிறுத்தினால் ஏன் என்று ஊர் கேட்கும். சொந்த எருமையை துபாய் என்று சாமியாருக்கே காட்டியவர் என்ன பதில் சொல்வார்?

"லீவு கெடச்சி வந்துட்டான்னு சொல்லிடு," என்றார்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் தடபுடலாக நடந்தது. பந்தியில் கோயில் உபதேசியார் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, ஒட்டகப்பால் தயிரா என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. எருமை வளர்க்கிற ஊராயிற்றே, முதல் நாளே அத்தனை பேரும் கொம்பைப் பார்த்திருக்கிறார்கள்.

தனிஸ்லாஸ் இன்றைக்கும் காலையில் அந்த எருமையின் பேத்திகளிடம் கறந்த பாலோடு என் வீட்டு வாசலில் மணியடிக்கிறான். லீவு எப்போது முடிகிறது என்று கேட்பேன். இன்னும் நீட்டிக்கச் சொல்லி எழுதிப்போட்டிருப்பதாகச் சொல்வான்.