அலமாரிக்கு அடியில் நாலு கல்

தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல உன் பேரு எங்க இருக்குது?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

வேம்பு அப்போதுதான் குழாயடியிலிருந்து இரண்டாவது குடத்தோடு வந்திருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையிலிருந்ததைப் பார்த்தாள். அஞ்சலாட்சி அதை, தான் வேலை செய்கிற வீட்டு மதாமிடம் கேட்டே வாங்கியிருக்கிறாள். என் பொண்ணு எழுதினது, ஒண்ணு எடுத்துக்கட்டுமா என்று கேட்டாளாம். மதாம் சரியென்று தலையை ஆட்டினாளாம். நாலாக மடித்து இடுப்பில் செருகி, பஸ்ஸில் மூலக்குளம் வரை நின்றபடி வந்ததில் வேர்வை பட்டு, சைக்ளோஸ்டைல் மை ஓரத்தில் நீலமாய்க் கசிந்திருந்தது.

நாலு பக்கம். மேலே, "புதிதாக ஆட வருகிறவர்களுக்கு: மந்திரம் கட்டுவதும் சண்டை போடுவதும்" என்ற தலைப்பு. கீழே பதினோரு யோசனைகள். ஒவ்வொரு வரியும் வேம்பு எழுதியது. அடித்துத் திருத்தி மூன்று முறை எழுதியது. அவள் நேராகக் கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போனாள். "எழுதியவர்: மிஷேல் தணிகாசலம்" என்றிருந்தது.

"இல்ல" என்றாள்.

"இல்லன்னா? சின்ன எழுத்தா போட்டிருப்பாங்களா இருக்கும். நல்லாப் பாரு." அஞ்சலாட்சி தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். படிக்கத் தெரியாதவள் அப்படிப் பிடித்தது வேம்புவுக்கு என்னவோ செய்தது. "தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டீ. வீராயி வேற காட்டு காட்டுன்னு உயிர எடுக்கறா. ஒரு தடவ வெரல வச்சிக் காட்டுனா நானே அவளுக்குக் காட்டிப்பேன்."

கயிற்றுக் கட்டிலில் கிடந்த வேம்புவின் அப்பா, ஆலை ஷிப்ட் முடித்து வந்த களைப்பில் கண்ணைத் திறக்காமலே, பெரிய வீட்டு ஆட்களோடு என்ன பேச்சு, விடு என்றார். விடு என்பது அந்த வீட்டில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் விழுகிற சொல். பி.ஏ. சேருவதற்கு சாதிச் சான்றிதழ் கேட்டு மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றபோதும் விடு. பட்டம் வாங்கி ஒன்றரை வருஷமாய் வேலை கிடைக்காதபோதும் விடு. விட்டு விட்டுத்தான் இவர்களிடம் மிச்சம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மதாமின் மகன் மிஷேலின் சித்தப்பா பிள்ளை இரண்டு வருஷத்துக்கு முன் பிரான்சில் மர்செய்யிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் இருந்தது அந்த ஆட்டம். உள்ளே பலகையும் இல்லை, காயும் இல்லை. தடியான ஒரு விதிப்புத்தகமும், எட்டு முகம் பத்து முகம் என்று விதவிதமான தாயக்கட்டைகளும் மட்டும். ஒருவன் குகையையும் அதிலுள்ள ராட்சசர்களையும் நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வாள்வீரனாகவோ மந்திரவாதியாகவோ உள்ளே நுழைந்து உயிரோடு வெளியே வர வேண்டும். மந்திரங்கள் தயாராகக் கிடைக்காது. ஆடுகிறவனே கட்டிக்கொள்ள வேண்டும். கையில் பத்துப் புள்ளி. அதை வலு, தூரம், பரப்பு, நேரம் என்று நாலாகப் பிரித்துப் போட்டால் ஒரு மந்திரம். துய்மா தெருவில் மிஷேல் வீட்டுக் கூடத்துத் தரை கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரக் கல் பதித்தது. அதில் சாக்கட்டியால் குகையை வரைந்துகொள்வார்கள். ஒரு கல் ஒரு காலடி. சட்டைப் பொத்தான்கள்தான் வீரர்கள். மிஷேலின் தாத்தா குடித்துப்போட்ட பிராந்தி பாட்டிலின் பெரிய தக்கைதான் நெருப்புக் கக்கும் மிருகம்.

வேம்பு ஒன்பது வயதிலிருந்து அந்தத் தரையைத் துடைத்தவள். லீவு நாளில் அம்மாவுக்குக் கை கொடுக்கப் போவாள். துணியோடு ஓரத்தில் நின்று பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் படித்த பிரெஞ்சு இருந்தது. விதிப்புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து ஒரு மாதத்தில் முடித்தாள். யாராவது வராத ஞாயிற்றுக்கிழமை அவன் பொத்தானை இவள் நகர்த்தலாம். அவ்வளவுதான். இவளுக்கென்று ஒரு பொத்தான் கிடையாது.

ஆட்டக் கிளப்பைப் பெரிதாக்க வேண்டும், தமிழில் படித்த பையன்களும் வர வேண்டும் என்று தை மாதம் மிஷேல்தான் சொன்னான். அவன் லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத வராது, எழுத்துக்கூட்டி நாலு வார்த்தை படிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். நீ எழுது வேம்பு, உன் பேரை அச்சில் போடுகிறேன் என்றான். அவள் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். அதுதான் இப்போது நெஞ்சில் நின்று அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு கிளம்பினாள். வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸில் அஞ்சலாட்சி இரண்டு முறை சத்தியம் கேட்டாள். வேம்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வழக்கம்போலப் பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். கூடத்தில் புதிதாக நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் அந்த நாலு பக்கம். சமையற்கட்டு வாசலில் நிலையைப் பிடித்தபடி வேம்பு நின்றாள். பின்னால் அஞ்சலாட்சி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வருகிறவர்கள் செய்வதையே அவர்களில் முதல் இருவரும் செய்தார்கள். இருக்கிற பத்துப் புள்ளியையும் வலுவில் கொட்டினார்கள். முதல் மந்திரம் தக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை, தூரத்துக்குப் புள்ளி இல்லை. தக்கையை ஒட்டிப் போய் நின்று விட்ட இரண்டாவது பட்டது, ஆனால் மிருகம் சாகவில்லை. அடுத்த முறைக்குக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்கள்மேல் மிஷேல் சிரித்துக்கொண்டே நெருப்பைக் கக்கினான். இரண்டு பொத்தான்கள் போய்விட்டன. மிஞ்சிய இருவரில் கண்ணாடி போட்ட ஒருவன் தாளைப் புரட்டினான். அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்த அரிகிருஷ்ணன் அவன். நாலாவது யோசனையைச் சத்தமாகப் படித்தான்.

"முதல் மந்திரத்தை அடிப்பதற்குக் கட்டாதே. குழாயடியில் இடம் பிடிக்கத் தெரிந்தவள் வந்ததும் வாயைத் திறக்க மாட்டாள். குடத்தை வைப்பாள். குடம் இருக்கிற இடம் அவள் இடம். வலுவில் ஒன்று, தூரத்தில் இரண்டு, நேரத்தில் ஏழு. பரப்பு வேண்டவே வேண்டாம்."

படித்துவிட்டு நிமிர்ந்தான். "இது நல்லா இருக்குது. ஆனா இங்க எப்படிப் பண்றதுன்னு புரியல. குடம்ன்னா எதைச் சொல்றீங்க?"

மிஷேல் தாளை வாங்கிப் பார்த்தான். உதடு அசைந்தது. குழாயடி என்பதைத் தாண்டி அவன் கண் போகவில்லை என்பது வேம்புவுக்கு அங்கிருந்தே தெரிந்தது. தான் பெயர் போட்டுக்கொண்டதை அவன் ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்ததில்லை. ஏமாற்றியதைவிட அதுதான் அவளைச் சுட்டது. திருடுகிறவன் திருடிய பொருளைப் பிரித்தாவது பார்ப்பான்.

அவன் தலையைத் தூக்கி, "வேம்பு, நீ சொல்லேன் இவருக்கு. உனக்குத்தான் இதெல்லாம் நல்லா வரும்" என்றான், தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற குரலில்.

"நீ எந்தக் குழாயடியில நின்ன?" என்றாள் வேம்பு.

பின்னால் பூண்டுத் தட்டு நகர்கிற சத்தம் நின்றது. பதின்மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. அவன் அவள் அம்மாவை அஞ்சலா என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். அம்மா அவனை ஐயா என்கிற மாதிரி முசே என்பாள்.

"பர்தோன்? என்ன சொன்ன?" என்றான் மிஷேல்.

"எழுதியவர்னு உன் பேருதான போட்டிருக்குது? எந்தக் குழாயடி? எத்தினி மணிக்குத் தண்ணி வரும்? சொல்லு."

மிஷேலின் காது சிவந்தது. நாலு பேரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான். "புத்தகம் என்னுது. விதியெல்லாம் அதுல இருக்குறதுதான். நான் சொன்னேன், நீ எழுதின. சொல்றவன் பேரத்தான் போடுவாங்க. அடுத்த தடவ வேணா உதவி செய்தவர்னு ஒரு வரி போட்டுடறேன், போதுமா?"

வேம்பு கூடத்துக்குள் வந்து அரிகிருஷ்ணனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சாக்கட்டியை எடுத்தாள். அவன் பொத்தான் வடக்குச் சுவர் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியேற இருந்த ஒரே வழி எதிர்ப்பக்கம், சாப்பாட்டு அறை வாசல். நடுவில் தக்கை. தக்கை இவர்களிடம் வர ஒரே ஒரு சந்துதான் உண்டு, தூணுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் நடுவில், ஒரு கல் அகலம். அந்தக் கல்லில் வேம்பு ஒரு வட்டம் போட்டாள்.

"குடத்தை வச்சாச்சு. வலு ஒண்ணு, தூரம் ரெண்டு, நேரம் ஏழு. ஏழு ஆட்டத்துக்கு இந்தத் தடை நிக்கும். இப்ப அது வரமுடியாது."

"நீங்களும் போகமுடியாதே" என்றான் மிஷேல். அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "ஏழு ஆட்டம் அங்கியே குந்தியிரு. எட்டாவதுல நெருப்பு."

வேம்பு பொத்தானைச் சுவரோரம் நகர்த்தினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது காலடிக்கு அதை அலமாரியின் கால்களுக்கு நடுவே உள்ளே தள்ளினாள்.

"ஏய், அங்க எங்க? அலமாரி சுவரு மாதிரி. அடியில கல்லு கெடையாது."

"இருக்குது. சுவரோரம் அரைக்கல்லு. இந்த மூலையிலேருந்து சாப்பாட்டு ரூம் வாசல் வரைக்கும் போவுது. அலமாரிக்கு அடியில நாலு."

"இருபத்துமூணு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியாதா? அங்க வெறும் சிமெண்டு. செல்லாது. பொத்தானை எடு."

குனிந்து பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயம். மிஷேல் குனியவில்லை. கண்ணாடிக்காரன் குனியலாமா என்று யோசித்து மிஷேலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வேம்பு பொத்தானை எடுக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தபோது சமையற்கட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"நாலு கல்லு இருக்குது, முசே. மூணாவது வெடிச்சிருக்கும். துணி மாட்டும் அதுல."

அஞ்சலாட்சி சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டுப் பயந்தவள் மாதிரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கூடத்தில் யாரும் கேட்காமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

அரிகிருஷ்ணன் தரையோடு கன்னத்தை வைத்து உள்ளே பார்த்தான். "ஆமாங்க. நாலுதான்." பிறகு அவனே பொத்தானை எண்ணி எண்ணி நகர்த்தி அலமாரியின் மறுபக்கம் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தான். ஒருத்தன் கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினான்.

மிஷேல் கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டான். ஒவ்வொன்றாகப் போட்டான். வீட்டுச் சாமானை வைத்து ஆட்டத்தைக் கெடுத்தால் ஆட்டத்துக்கு மரியாதை இல்லை என்று பொதுவாகச் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாடியில் விளையாடலாம், அங்கே மேசை இருக்கிறது என்றான். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பாமலே, "அஞ்சலா, இந்தச் சாக்கட்டிக் கோடெல்லாம் தொடச்சிடு. அம்மா எறங்கி வரதுக்குள்ள" என்றான். பெட்டியோடு அவன் முன்வாசல் வழியாகப் போக, மற்றவர்களும் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். கண்ணாடிக்காரன் மட்டும் நிலைப்படியில் நின்று தன் கையிலிருந்த தாளையும் வேம்புவையும் பார்த்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அஞ்சலாட்சி வாளியும் துணியுமாக வந்தாள். "வேல போச்சுதுன்னா ஒங்கப்பனுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றாள். முட்டி போட்டு உட்கார்ந்து, பதின்மூன்று வருஷமாய்ச் செய்கிற மாதிரி சுவரோரத்து அரைக்கல்லிலிருந்து ஆரம்பித்தாள். கையை நீட்டி அலமாரிக்கு அடியில் நாலு கல்லையும் துடைத்தாள். மூன்றாவதில் துணி மாட்டியது. இழுத்து எடுத்தாள்.

வேம்பு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் கையில் சாக்கட்டி இருந்தது. கூடத்தின் நடுவே, தக்கை நின்ற இடத்துக்கு நகர்ந்து போய், ஒரு கல்லுக்கு ஓர் எழுத்தாகப் பெரிதாக எழுதினாள். கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, மறுபடி கறுப்பில் ஒன்று. வெள்ளைக் கல்லில் சாக்கட்டி பிடிக்கவில்லை. அழுத்தி இரண்டாம் முறை இழுத்தாள்.

"என்னாடீ இது?"

"கேட்டியே, என் பேரு எங்க இருக்குதுன்னு. இங்க இருக்குது."

அஞ்சலாட்சி துணியைக் கையில் பிடித்தபடி மூன்று கல்லையும் பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று தெரியாமல் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஆள்காட்டி விரலை நீட்டி, தொடாமல், முதல் எழுத்தின் வளைவின் மேல் காற்றிலேயே ஓட்டினாள். பிறகு குனிந்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள். நாலு பக்கமும் கோடுகள் கரைந்து வாளித் தண்ணீர் பால் போலானது. ஈரம் பளபளவென்று நடுவை நோக்கி நகர்ந்து வந்து, முதல் எழுத்துக்கு ஒரு கல் தள்ளி நின்றது.

மாடிப்படியில் மதாமின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக இறங்கியது. அஞ்சலாட்சி துணியை வாளியில் முக்கினாள், தூக்கினாள், பிழிந்தாள். ஒரு சொட்டு நிற்கும்வரை பிழிந்து, பிழிந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.