செருப்பில்லாமல் வந்தவர்கள்

கிள்ளான், தாமான் செரி மெலாத்தி, ஏழாம் ரோட்டில் சீதாலெட்சுமியின் வீட்டுக்கு முதல் ஆள் வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு. அவள் தன் கைப்பேசியில் அனுமதி கேட்கும் ‘அலவ்’ என்ற பொத்தானை அழுத்திய அடுத்த நொடி அது நடந்தது. கேட்டும் திறக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை நீளக்கைச் சட்டை, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. ஹாலில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதத் தொடங்கினார். ஆணா பெண்ணா என்று பார்க்கும்போது சொல்லிவிடலாம், பார்வையைத் திருப்பினால் மறந்துவிடும், முகமும் அப்படித்தான். சீதாலெட்சுமிக்கு உறுத்தியது அதெல்லாம் இல்லை. வாசலில் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு வந்த மனிதர் எங்கிருந்து வந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போய்த் தேநீர் கலக்கினாள். அவர் கோப்பையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, ஆறும்வரை வைத்திருந்து, ஒரு சொட்டுக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார்.

அவள் கணவர் ரெங்கசாமி போர்ட் கிள்ளானில் முப்பத்திரண்டு வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனதால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முன்பெல்லாம் நிலையத்துக்குப் போனால் தாதி பேரைக் கூப்பிடுவாள், படுக்கை கிடைக்கும். அந்த வருடத்திலிருந்து எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. படுக்கைக்கு முன்பதிவு செய்ய ஒரு அலவ், கூட்டிப்போகும் வண்டிக்கு ஒரு அலவ், வண்டிக்காரனுக்கு வீடு தெரிவதற்கு இன்னொன்று. அப்புறம் மின்சாரம், தண்ணீர், பார்க்கிங், கோயில் அர்ச்சனைச் சீட்டு, கோழிக் கடையின் தள்ளுபடி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒருவர் வந்தார். வருடம் முடிவதற்குள் பதினேழு பேர் ஆகிவிட்டார்கள். ஒருவர் சமையலறை ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு நின்றார், ஒருவர் நிலைக்கண்ணாடிக்கு எதிரில். சீதாலெட்சுமி வெளியே இறங்கினால் மூன்று அடி பின்னால் ஒருவர் நடந்து வந்தார். இரவில் அவளும் ரெங்கசாமியும் எத்தனை தடவை புரண்டு படுக்கிறார்கள் என்று எழுதுவதற்குக் கட்டிலின் கால்மாட்டில் ஒருவர் இருந்தார்.

அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் இதே கதைதான். பிள்ளைகள் அவர்களுக்கு அலவ்காரர்கள் என்று பேர் வைத்தார்கள், பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். குடியிருப்புச் சங்கத் தலைவர் கமலநாதனுக்கு இதில் பெருமைகூட உண்டு. “எங்க வீட்ல முப்பத்தொண்ணு, தெரியுமா? மகன் ஆஸ்திரேலியா போனதுலேர்ந்து வீடு வெறிச்சோடிக் கெடந்துச்சு. இப்ப நெறஞ்ச மாதிரி இருக்கு லா” என்பார். ஒரே ஒரு முறை எல்லோரும் சொல்லிக் கேட்கவே, புகார் கொடுப்பதற்காக ஒரு அலுவலகத்துக்குப் போனார். புகாரையும் கைப்பேசி வழியாகத்தான் வாங்குவோம் என்றார்கள். அழுத்தினார். திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் புதிதாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு தாமானில் யாரும் புகார் பேச்சை எடுக்கவில்லை. நம் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது, பருப்பும் மருந்தும்தானே என்று சொல்லிக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அலவ்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்து, ரோட்டில் வரிசையாக நின்று, அன்று எழுதியதை ஒருவருக்கொருவர் தணிந்த குரலில் வாசித்துக் காட்டுவார்கள். தொடர் நாடகம் பார்க்கிறவர்களுக்கு அது தூரத்து மழைச் சத்தம் போலக் கேட்கும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள்.

மாதவி வந்த அன்று தெருவே கதவைத் திறந்து பார்த்தது. காரணம், அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை. அப்படி ஒரு ஆளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சீதாலெட்சுமியின் செத்துப்போன தங்கை மகள், சுங்கை பூலோவில் வாழ்க்கைப்பட்டவள், கல்யாணமாகி நான்கு வருடம். இடது முழங்கையில் பழைய கட்டு, கழுத்தில் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்த புதிய புண். கணவன் பிரவின் இரண்டு முறை அவள் கையை உடைத்திருந்தான். மூன்றாவது முறை ஆஸ்பத்திரி கிடையாது, நேராகச் சுடுகாடுதான் என்று சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருந்தான். அவன் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அன்று ரயிலேறி பிரிக்பீல்ட்சில் இறங்கியவள், அங்கே ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஓடும் ஆற்றில் கைப்பேசியைப் போட்டாள். அவளுடைய அலவ்காரர்கள் நான்கு பேரும், சட்டை மடிப்புக் கலையாமல், நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவர்கூடத் தயங்கவில்லை. தலை மூழ்கும்வரை எழுதிக்கொண்டே போனார்கள் என்று மாதவி சொன்னாள். அதற்குப் பிறகு ரொக்கம் கொடுத்து டிக்கெட் வாங்கும் வரிசையில் அவள் ஒருத்திதான் நின்றாள்.

“ஒரு மாசம், பெரியம்மா. கோர்ட்டுலேர்ந்து அவன் பேருக்குச் சமன் போற வரைக்கும். நான் இங்க இருக்கறது அவனுக்குத் தெரியக்கூடாது.”

“தெரியாதும்மா. யாரு சொல்லப் போறா?” என்று சொன்ன சீதாலெட்சுமி, சொல்லிவிட்டுத்தான் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். பதினேழு பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து அந்த வீட்டில் குழாயைத் திறந்து விட்டுத்தான் பேசினார்கள். ஜன்னல்காரர் இன்னும் கொஞ்சம் குனிந்து கேட்டார். மூன்றாம் நாள் சீதாலெட்சுமியின் கைப்பேசியில் ‘எம்’ அளவுச் சுடிதாருக்கு விளம்பரம் வந்தது. அவளோ டபுள் எக்ஸ்எல். நான்காம் நாள் தீக்காயக் களிம்பு. ஐந்தாம் நாள், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்ற வரியின் கீழே, கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான் பிரவின். அவள் கைப்பேசியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்குக் கேட்டோரம் போய்க் காதைக் கொடுத்தாள். முதல் தடவையாக வார்த்தைகள் தெளிவாகக் கேட்டன. “சாப்பாட்டுக்கு மூன்று தட்டு. மூன்று தட்டு,” என்று அவள் வீட்டு அலவ்காரர் சொன்னதை எதிர்வீட்டு அலவ்காரர் வாங்கி அடுத்த வீட்டு அலவ்காரருக்குச் சொல்ல, அது ஏழாம் ரோட்டைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறி, ஷா ஆலாம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கைப்பேசியை வெளியே எடுத்துச் செயலிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொரு அழித்தலுக்கும் ஒருவர் நோட்டை மூடி, தலை குனிந்து வணங்கிவிட்டு, வெறுங்காலோடு வெளியேறினார். கடைசியாகக் குளிர்பெட்டிக்காரரும் போனதும், கைப்பேசியை மறுபடி பானைக்குள் போட்டாள். வீடு அத்தனை பெரிது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. புதன்கிழமை டாக்சி பிடித்து ரெங்கசாமியை நிலையத்துக்குக் கூட்டிப்போனபோது தாதி திரையைப் பார்த்துவிட்டு, “ஆன்டி, பேரு இல்ல. சிஸ்டம்ல அங்கிளே இல்லயே” என்றாள். அங்கிள் அவள் முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை அவர் கால் பானை போல வீங்கியது, மூச்சு பழைய லோரி மேடு ஏறுவது போல இழுத்தது.

“எனக்குப் போதும் லா. நான் பார்க்காத ரோடா? புள்ளயப் பாரு.”

“வாய மூடிக்கிட்டு மூச்ச விடுங்க,” என்றாள் சீதாலெட்சுமி.

அரிசிப் பானையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கொண்டுவந்து நீட்டியது மாதவிதான். “அழுத்துங்க, பெரியம்மா. எனக்காக ஒருத்தர் சாகக்கூடாது.” சீதாலெட்சுமி அழுத்தினாள். பதினேழு பேரும் அவரவர் இடத்துக்கு வந்து நின்றார்கள், விட்ட வரியிலிருந்து எழுதினார்கள். கூடவே, எதற்கென்று சொல்லாத ஒரு புதியவரும் வந்திருந்தார். அன்று மதியமே ரெங்கசாமிக்குப் படுக்கை கிடைத்தது.

சீதாலெட்சுமியும் ரெங்கசாமியும் நிலையத்தில் இருந்த அந்த நான்கு மணி நேரமும் மாதவி ஹாலில் உட்கார்ந்து அலவ்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து ஒருவரின் தோளுக்குப் பின்னால் நின்று நோட்டை வாசித்தாள், அவர் தடுக்கவில்லை. பெரியம்மா திரும்பி வந்ததும் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்: “இவங்களும் நானுமா இங்க பத்தொம்போது பேர் இருக்கோம். அந்த நோட்டுல ‘ஒரு பெண், தனியாக’ன்னு போட்டிருக்கு. இவங்க இவங்கள எழுதறதே இல்ல, பெரியம்மா.”

பிரவின் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு வந்தான். காரைப் பார்த்ததும் மாதவி ஓடவில்லை, பின்கதவைத் தேடவில்லை. ரெங்கசாமி ஒரு கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளை நீளக்கைச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசலில் கிடந்த தன் செருப்பைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மளிகைக் கணக்கு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, குளிர்பெட்டிக்காரருக்கும் கண்ணாடிக்காரருக்கும் நடுவில் போய் நின்றாள். பிரவின் மரியாதையாகத்தான் உள்ளே வந்தான், அவனுடைய ஆறு பேரும் பின்தொடர்ந்தார்கள். “அத்தை, மாமாவுக்கு உடம்பு எப்படி? மாதவிய வரச் சொல்லுங்க.”

“இங்க யாரும் இல்ல, தம்பி.”

“போன் இங்கதான் காட்டுது அத்தை. போன் பொய் சொல்லாது.” சிரித்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், குளியலறையில் பார்த்தான், அலமாரியைத் திறந்து துணிகளைக் கையால் விலக்கினான். பிறகு ஹாலுக்கு வந்து ஒவ்வொரு அலவ்காரர் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். மாதவியின் முன்னால் நின்றான். அவன் மூச்சு அவள் நெற்றி முடியை அசைத்தது. சீதாலெட்சுமி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாதவி எழுதினாள்: நேரம் பதினொன்று நாற்பத்தேழு, ஆண், வலது கை காற்சட்டைப் பையில், பைக்குள் ஏதோ இருக்கிறது. அப்போதுதான் குளிர்பெட்டிக்காரர், இரண்டு வருடத்தில் முதல் முறையாக, எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பினார். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிரவினையும் பார்த்தார். பிறகு அரை அடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டுவிட்டு, மறுபடி எழுதத் தொடங்கினார்.

பிரவின் கைப்பேசியைத் தட்டினான், உலுக்கினான். “இப்பதானே காட்டுச்சு,” என்றான். அவனுடைய ஆறு பேரும் தங்கள் நோட்டில் ஒரு வரியை ஒரே நேரத்தில் கோடு போட்டு அடித்தார்கள். அவன் போய்விட்டான்.

“போயிட்டான்மா, வா,” என்று சீதாலெட்சுமி சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாதவி வரவில்லை. அந்த வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அன்று இரவு கொஞ்சம் சாப்பிட்டாள். அடுத்த வாரம் பிரவின் திரும்பி வந்தான், அதற்கடுத்த வாரமும். வரும்போது மட்டும் நின்றால் போதாது, எப்போது வருவான் என்று தெரியாதே என்று அவள் பகல் முழுவதும் நின்றாள், பிறகு இரவும். சாப்பாட்டுத் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, ஆறும்வரை வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். கழுத்துப் புண் ஆறி, தழும்பும் மறைந்து, அந்த இடம் இஸ்திரி போட்டது போல வழுவழுப்பாகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு மற்றவர்களோடு அவளும் கேட்டுக்கு வெளியே போய் நின்று வாசித்தாள். என்ன வாசித்தாள் என்று கேட்கச் சீதாலெட்சுமிக்குத் தைரியம் வரவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். வழக்குக்கு வரச் சொல்லி அவளுக்கும் சமன் வந்தபோது அதைக் கையெழுத்திட்டு வாங்க மாதவி என்று ஒரு ஆளைக் காட்ட முடியவில்லை. பிரவின் ஏழு மாதம் தேடிவிட்டு ஓய்ந்தான், ரவாங் பக்கம் வேறு பெண் பார்த்திருப்பதாகக் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று ஏழாம் ரோடு இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

அவன் இனி வரமாட்டான் என்று உறுதியான நாளன்று சீதாலெட்சுமி தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, ஹாலின் நடுவில் நின்று, “மாதவி, போதும்மா, வெளிய வா” என்று கூப்பிட்டாள். மூன்று பேர் தலை நிமிர்ந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்கு எதிரில் இருந்தவர், ஒருவர் கட்டிலின் கால்மாட்டுக்காரர், இன்னொருவர் காரணம் சொல்லாமல் கடைசியாக வந்தவர். மூன்று பேர் கண்ணும் நனைந்திருந்தது. சீதாலெட்சுமி ஒவ்வொருவர் கழுத்தாகத் தடவிப் பார்த்தாள். மூன்றும் வழுவழுப்பாகத்தான் இருந்தன. இவர்களெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைகள், யாருக்குப் பயந்து எந்த ஹாலில் எப்போது போய் நின்றவர்கள் என்று அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்தால் தூக்கம் வராது.

அதிலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்து ரெங்கசாமிக்குக் கால் குடையும் நாட்களில், “யாராச்சும் வாங்கம்மா” என்று பொதுவாகச் சொல்வாள். ஒருவர் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து பிடித்துவிடுவார். யாரென்று ரெங்கசாமியும் கேட்பதில்லை. விரலின் அழுத்தம் மாறியிருந்தால் மட்டும், “இன்னிக்கு வேற ஆளு போல” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.